சுரங்கத்துள் இறங்கிய கல்வி

ஒரு தொழிலைக் கையினால் செய்யப் பழகுவது ஒன்று. அத்தொழில் ஏன் அவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்து செய்வது மற்றொன்று. முதலாவது, தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், மேஸ்திரியிடமிருந்து புதிதாக வந்த ஆளுக்கும் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது அப்படித் தானாக வருவதில்லை. காரணங்களை ஆராய்ந்தவர்கள் பல்கலைக் கழகங்களிலும் ஆய்வுக் கூடங்களிலும் இருக்கிறார்கள். அவை தேவைப்படுகிறவர்களோ ஆலையிலும், வயலிலும், சுரங்கத்திலும் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும் சந்திக்காத வரையில், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற குறை ஒரு புறமும், காரணம் அறியாத கைப்பழக்கம் மறு புறமுமாக, இரண்டும் பயன் குன்றியே நிற்கும்.

அன்பர்களே, இந்தச் சந்திப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு நன்கு அறிமுகமான ஓர் ஊரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கர்நாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்கவயலும், அதன் கடைவீதியாகவும் குடியிருப்பாகவும் வளர்ந்த ராபர்ட்சன்பேட்டையுமே அவ்வூர். வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், அவற்றை அடுத்த பகுதிகளிலிருந்தும் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் அங்கே சென்றனர். அவர்கள் உழைப்பால் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் வெளிவந்தது. அப்பொன்னைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். அப்பொன்னுக்காக அங்கே வந்த கல்வியையும், வர வேண்டியிருந்தும் வராமற்போன கல்வியையும் பற்றியே நான் கூற விரும்புகிறேன்.

அவ்வூரில் கல்வியின் வரலாறு கற்றவர்களிடமிருந்து தொடங்கவில்லை என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். 1802-ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்ற படை அதிகாரி மாரிக்குப்பத்தின் அருகே வந்தபோது, அங்குள்ள கிராமத்தார் பாறையைத் தோண்டி, பொடித்து, நீரில் அலசிப் பொன்னைப் பிரித்துக் கொண்டிருந்தனர். பாறையில் பொன் ஓடும் இடம் எது, வெறுங்கல் எது என்பதை அவர்கள் பரம்பரை அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1870-களில் மைக்கேல் லவெல் என்பவர் மைசூர் அரசினிடம் சுரங்க உரிமை பெற்றதும், 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்ததும் அதன் பின்னர் நிகழ்ந்தவை. அவர்கள் தேடிய இடங்களும், கிராமத்தார் ஏற்கெனவே தோண்டி விட்டிருந்த பழைய குழிகளை ஒட்டியவையே.

ஆனால் கைப்பழக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. கல்லைப் பொடித்துப் பாதரசத்தோடு சேர்த்துப் பொன்னைப் பிடிக்கும் முறையில், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பொன் துகள்கள் கழிவு மண்ணோடு போய்விட்டன. இவ்விடத்தில்தான் ஆய்வுக் கூடம் உதவிக்கு வந்தது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் மக்கார்தர் என்ற இரசாயன அறிஞரும், ஃபாரஸ்ட் என்ற பெயருடைய இரு மருத்துவ சகோதரர்களும் 1887-இல் ஒரு முறையைக் கண்டனர். மிக நீர்த்த சயனைடுக் கரைசல், காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையோடு பொன்னை மெல்லக் கரைத்து எடுத்துக் கொள்கிறது. பிறகு அக்கரைசலில் துத்தநாகத்தை இட்டால் பொன் மீண்டும் படிகிறது. இம்முறை 1890-களில் தங்கவயலுக்கு வந்தது. கழித்து எறிந்த மண்ணே மறுபடியும் செல்வமாயிற்று. ஓர் ஆய்வுக் கூடத்துக் கண்ணாடிக் குப்பியில் கண்ட உண்மை, சில ஆண்டுகளுக்குள் மாரிக்குப்பத்துத் தொழிலாளியின் அன்றாட வேலையாகிவிட்டது.

அதே போல, 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. இந்நாட்டின் பல பெரு நகரங்கள் எண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில், இவ்வூரின் இயந்திரங்கள் மின்சாரத்தால் ஓடின. கம்பி இணைக்கவும், மோட்டார் பழுது பார்க்கவும், உயர் அழுத்த மின்சாரத்தின் அருகே அஞ்சாமலும் அசட்டையின்றியும் பழகவும் ஒரு தலைமுறையே பயில வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் பொன்னை எடுப்பதற்கான கல்வி. எடுத்தால் ஆதாயம் உண்டு என்பதால் இக்கல்வியைத் தேடித் தருவதற்கு நிர்வாகம் தயங்கவில்லை. அடுத்து வந்த கல்வி உயிரைக் காப்பதற்கானது. அது அத்தனை எளிதில் வரவில்லை.

சுரங்கம் ஆழமாக ஆழமாக ஒரு புதிய ஆபத்து தலைகாட்டியது. எவ்வித முன்னறிவிப்புமின்றிப் பாறை வெடித்துச் சிதறும். கீழே இருப்பவர்கள் புதையுண்டு போவர். மேலே குடியிருப்பில் சுவர்கள் நடுங்கும். தொடக்கத்தில் இதனை ஆங்கிலத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்றே வழங்கினர். அடைபட்ட காற்று வெடிக்கிறது என்ற எண்ணமே அப்பெயரில் தொனிக்கிறது. உண்மைக் காரணம் வேறு. 3 கிலோமீட்டர் ஆழத்தில், மேலுள்ள பாறையின் பாரம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ 800 கிலோகிராம் அளவுக்கு அழுத்துகிறது. நடுவிலுள்ள பாறையைப் பெயர்த்து எடுத்துவிட்டால் அந்தப் பாரம் மறைந்து போவதில்லை. பக்கத்தில் விடப்பட்ட பாறையின் மேல் ஏறிக் கொள்கிறது. மென்மையான பாறையானால் மெல்ல நெளிந்து கொடுக்கும். தங்கவயலின் பாறையோ மிகக் கடினமானது. வில்லை வளைப்பது போல் வளைந்து, ஆற்றலை உள்ளே சேர்த்து வைத்து, தாங்காத கணத்தில் ஒரேயடியாக வெளியேற்றுகிறது.

இக்காரணம் விளங்கியபோது வேலை முறையே மாறியது. எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது, எதை இறுதிக்கு விடுவது என்பதற்கு ஒழுங்கு வகுக்கப்பட்டது. வெட்டிய வெற்றிடங்கள் கருங்கற் சுவர்களாலும், பிற்காலத்தில் கான்கிரீட்டாலும் நிரப்பப்பட்டன. 1970-களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு நில அதிர்வுக் கருவிகள் பல இடங்களில் பொருத்தப்பட்டன. மின்னலைக் கண்ட பின் எத்தனை நொடியில் இடி கேட்கிறது என்று எண்ணி இடி விழுந்த தூரத்தை நாம் மதிப்பிடுகிறோம் அல்லவா? அது போலவே, ஒரே அதிர்வு வெவ்வேறு கருவிகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, பூமிக்கடியில் பாறை எங்கே முறிந்தது என்று கண்டுபிடித்தனர். இவ்வனுபவத்தின் பயனாக 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியிலேயே தொடங்கப்பட்டது. நாட்டின் நீர்மின் நிலையங்களுக்காகவும் சுரங்கப் பாதைகளுக்காகவும் மலையைக் குடையும் பொறியாளர்கள் அந்நிறுவனத்தின் ஆலோசனையை நாடினர். தங்கவயலில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம் இமயமலையில் பலருடைய உயிரைக் காக்கப் பயன்பட்டது எனலாம்.

கற்றவர் கற்பிக்க, தொழிலாளர் கேட்டுக் கொள்வது என்ற ஒருவழிப் பாதையாக இதனைக் கருதிவிடக் கூடாது. இதே சுரங்கத்தில், உலகின் புகழ் பெற்ற விஞ்ஞானிகள் தொழிலாளரை நம்பிக் கீழே இறங்கிய ஒரு சரித்திரமும் உண்டு.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமியின் மேல் பொழிந்து கொண்டிருக்கின்றன. அவற்றால் உண்டாகும் மியுவான் என்னும் துகள்கள் பாறையையும் ஊடுருவிச் செல்லக் கூடியவை. எவ்வளவு ஆழம் வரை செல்லும் என்று அறிய விரும்பிய டாக்டர் ஹோமி பாபா, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரை 1951-இல் தங்கவயலுக்கு அனுப்பினார். பிறகு ஜப்பான் நாட்டின் ஒசாகா நகரப் பல்கலைக் கழகத்தாரும் சேர்ந்து கொண்டனர். ஆழத்துக்கு ஆழம் துகள்களின் எண்ணிக்கை குறைந்து வந்தது. ஏறத்தாழ 2,700 மீட்டருக்கும் கீழே கருவியை வைத்து இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை.

சாதாரண மனிதர் இதனைத் தோல்வி என்றே எண்ணியிருப்பர். விஞ்ஞானிகளோ இதனை ஒரு வாய்ப்பாகக் கண்டனர். இரைச்சலே இல்லாத அறையில்தான் மெல்லிய குரல் காதில் விழும். மற்றத் துகள்கள் எல்லாம் பாறையில் வடிகட்டப்பட்டு விட்டமையால், பூமியையே துளைத்துச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் அடையாளத்தை அங்கே தேடலாம் என்று துணிந்தனர். டாட்டா நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக் கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகம் ஆகிய மூன்றும் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தன. 1965-ஆம் ஆண்டில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளம் அங்கே பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஒரு பொற்சுரங்கத்திலும் வேறொரு குழுவினர் இதனைக் கண்டனர். அரை நூற்றாண்டுக்குப் பின் 2015-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு நியூட்ரினோ ஆராய்ச்சிக்கு வழங்கப்பட்டபோது, அந்த ஆராய்ச்சிப் பாதையின் தொடக்கத்தில் கோலார் நின்றது என்பதை அறிந்தோர் நினைவு கூர்ந்தனர்.

அந்த ஆழத்தில் ஓர் அறையைக் குடைந்து தந்தவர் யார்? நுட்பமான கண்ணாடிக் குழாய்களை உடையாமல் கூண்டில் இறக்கியவர் யார்? பாறையே கொதிக்கும் வெப்பத்தில் காற்றோட்டம் அமைத்தவர் யார்? எந்தக் கூரை நம்பத் தக்கது, எது நம்பத் தகாதது என்று ஒரு கம்பியால் தட்டி ஓசையைக் கேட்டே சொல்லக் கூடியவர் யார்? இவையனைத்தும் சுரங்கத் தொழிலாளரின் அறிவு. பேராசிரியர்கள் நியூட்ரினோவை அறிந்திருந்தனர். தொழிலாளர் பாறையை அறிந்திருந்தனர். இரண்டு அறிவும் கூடியிராவிட்டால் அந்தச் சோதனை நடந்திருக்காது.

இத்தகைய கூட்டுறவு நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1765-இல் சுரங்கத் தொழிலுக்கென்றே ஒரு கலாசாலை நிறுவப்பட்டது. இங்கிலாந்தில் 1812-இல் ஃபெல்லிங் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். அதன் பிறகு விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி அழைக்கப்பட்டு, 1815-இல் தீப்பிடிக்கும் வாயுவினால் வெடிக்காத பாதுகாப்பு விளக்கை அமைத்துக் கொடுத்தார். அதே சமயத்தில், முறையான பள்ளிப் படிப்பில்லாத சுரங்க மெக்கானிக் ஜார்ஜ் ஸ்டீவன்சனும் தம் அனுபவத்தைக் கொண்டே இத்தகைய விளக்கு ஒன்றைச் செய்தார். எனினும் விளக்கு வந்ததும் விபத்துக்கள் உடனே குறைந்துவிடவில்லை. முன்பு நுழைய அஞ்சிய பகுதிகளிலும் விளக்கை நம்பி ஆட்களை அனுப்பினர். கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் எல்லையையும் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் 1873-இல் தன் மதிலுக்கு வெளியே சென்று பல நகரங்களில் சொற்பொழிவு வகுப்புக்களைத் தொடங்கியது. நார்தம்பர்லாந்துப் பகுதியின் நிலக்கரித் தொழிலாளர்கள், நாள் முழுதும் உழைத்த பின்பு, மாலையில் நெடுந்தூரம் நடந்து வந்து அவ்வகுப்புக்களைக் கேட்டனர். நம் நாட்டிலும் 1926-இல் தன்பாத்தில் சுரங்கப் பள்ளி திறக்கப்பட்டது. தமிழகத்தில் இதற்கு நிகராக நான் நினைப்பது வயலுக்குச் சென்ற கல்வியை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏடிடி 27 என்னும் நெல்லைப் பற்றி, 1960-களில் திருச்சி வானொலி நிலையம் தஞ்சை உழவர்களுக்கு இடைவிடாது எடுத்துக் கூறியது. எந்த நாளில் நாற்று விடுவது, எவ்வளவு உரம் இடுவது என்பவற்றையெல்லாம் உழவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டறிந்தனர். அந்நெல்லுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ரேடியோ நெல்' என்பது. ஆராய்ச்சியாளரின் எண்ணும் எழுத்தும் மறைந்து, கற்பித்த வழியின் பெயரே அந்நெல்லுக்கு நிலைத்தது.

இனி, வராமற்போன கல்வியைப் பற்றிக் கூற வேண்டும். இதுவே இந்தப் பேச்சின் முக்கியப் பகுதி.

பாறையைத் துளைக்கும்போது எழும் தூசியில் சிலிகா என்னும் பொருள் நிறைந்துள்ளது. கண்ணுக்குத் தெரியாத அத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று தங்கி, அதனைத் தழும்பாக்கிக் கெட்டிப்படச் செய்கின்றன. இந்நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது கோலார் தங்கவயலிலிருந்துதான். 1940-களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்துப் பார்த்ததில், பத்துப் பேருக்கு நால்வர் என்ற அளவுக்கும் மேலாக இந்நோய் காணப்பட்டது. அப்போது சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகி விட்டிருந்தது. துளைக்கும் இடத்தில் நீரைப் பாய்ச்சினால் தூசி எழாமல் அடங்கும் என்பது பெரிய இரகசியம் அன்று. தூசி ஏன் கொல்கிறது என்பதைத் தொழிலாளியும், அவனை மேற்பார்க்கும் மேஸ்திரியும், அவனுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியரும் தொடக்கத்திலேயே ஒருங்கே அறிந்திருந்தால், எத்தனை குடும்பங்கள் தலைவனை இழக்காமல் இருந்திருக்கும்!

இரண்டாவது, கழிவு மண். பொன் எடுத்த பின் எஞ்சிய மாவு போன்ற மண்ணை மலை மலையாகக் குவித்தனர். அப்படிப் பதின்மூன்று மேடுகள். அவற்றில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண். இவற்றை ஊரார் சயனைடு மேடுகள் என்றே அழைக்கின்றனர். பெயரைக் கேட்டதும் சயனைடுதான் பயம் என்று தோன்றும். உண்மையில், சயனைடின் பெரும் பகுதி வெயிலிலும் காற்றிலும் சிதைந்து போகக் கூடியது. இரும்போடு இறுகச் சேர்ந்த பகுதி மட்டுமே நெடுநாள் தங்கும். அதைவிட நீண்ட காலம் தொல்லை தருவது வேறு. அம்மண்ணில் கந்தகம் சேர்ந்த கனிமங்கள் உள்ளன. அவை மழை நீரோடும் காற்றோடும் சேர்ந்து அமிலத்தையும் உப்பையும் உண்டாக்குகின்றன. கோடையில் மேட்டின் மேல் வெண்மையாகப் பூப்பது அவ்வுப்பே. அமில நீர் செல்லும் வழியில் ஆர்சனிக் முதலிய நச்சுப் பொருள்களையும் கரைத்துக் கொண்டு செல்லக் கூடும். காற்று வீசும் மாதங்களில் மேட்டிலிருந்து எழும் நுண்தூசி, அடுப்பங்கரை வரை வந்து படிகிறது. ஊரின் பெயரே அச்சத்தைச் சயனைடு என்று சுட்டுகிறது. அறிவோ அமிலத்தையும் தூசியையும் பார் என்கிறது. அச்சம் ஒரு பக்கமும் ஆபத்து மறு பக்கமுமாக நிற்பதற்குக் காரணம், கற்றவர்கள் ஊராரோடு பேசாமையே.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், முடிவில் மூன்று நான்கு கிராமாகக் குறைந்துவிட்டது. செலவு வரவை மிஞ்சியது. நீர் இறைப்பது நின்றதும் குழிகளில் வெள்ளம் ஏறியது. அதன் பின்னரும் பூமிக்கடியில் பாறை அசைந்து சிறு அதிர்வுகள் பதிவாயின. இளைஞர்கள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். மேடுகளோ இருந்த இடத்திலேயே இருந்தன.

இப்போது அம்மேடுகளுக்கும் மறு வாழ்வு வரும் போலிருக்கிறது. அவற்றில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைந்த அளவில் பொன் எஞ்சியுள்ளது. அளவு சிறிதாயினும் மண் மிகுதியாதலால், மொத்தத்தில் பல டன் பொன் தேறும். ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பரப்பில் உள்ள இம்மேடுகளை மீண்டும் தோண்டும் மத்திய அரசின் திட்டத்திற்கு, கர்நாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. வேலையில்லாத ஊருக்கு வேலை வரலாம் என்பது மகிழத் தக்க செய்திதான். ஆனால் கோடிக் கணக்கான டன் நுண்மண்ணை மறுபடி கிளறும்போது, முன்பு செய்த பிழையை மீண்டும் செய்வோமா, அல்லது இம்முறையாவது வேலை தொடங்குமுன்பே கற்பிப்போமா என்ற கேள்வி எழுகிறது.

யாருக்குக் கற்பிப்பது? பட்டம் பெற்ற சுரங்கப் பொறியாளருக்கு மட்டும் அன்று. லாரியில் மண்ணை ஏற்றும் ஒப்பந்தத்தை மேற்பார்ப்பவர், நகராட்சியின் குடிநீர்ப் பொறியாளர், ராபர்ட்சன்பேட்டையில் நோயாளியின் மார்பில் குழாய் வைத்துப் பார்க்கும் மருத்துவர், பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை - இவர்கள் எல்லோரும் மாணவர்களே. எதைக் கற்பிப்பது? மண்ணை நனைத்து அள்ளுவதால் தூசி எவ்வளவு அடங்கும். கிணற்று நீரின் அமிலத் தன்மையை எளிய தாளினால் எப்படி அறிவது, எந்த நச்சுக்கு ஆய்வுக் கூடத்தையே நாட வேண்டும். இருமலைக் கேட்டதும் காசநோயா சிலிக்கோசிஸா என்று எவ்வாறு ஐயுற வேண்டும். பொன் எடுத்த மண்ணை மீண்டும் எங்கே, எந்தச் சரிவில், எத்தகைய தளத்தின் மேல் இடுவது. அதன் மேல் எந்தப் புல் வேரூன்றும் - இவையே பாடங்கள். இன்று அறிஞர்கள் வளங்குன்றா வளர்ச்சி என்று பெயரிட்டு வழங்குவதன் பொருள், இத்தகைய சிறு சிறு செய்திகளில்தான் அடங்கியிருக்கிறது.

கற்பிப்பதற்குரியவர்கள் தொலைவில் இல்லை. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் உள்ளது. உரிகத்திலேயே ஒரு பொறியியற் கல்லூரி உள்ளது. நாட்டின் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் தங்கள் பாடங்களைப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிக் கேட்குமாறு தொலைவழியே தருகின்றனர். எனினும், பாடம் எங்கேயோ இருப்பது ஒன்று. அது வேண்டியவனிடம் வந்து சேர்வது மற்றொன்று. சுரங்கத் தொழிலாளி பாறையைத் தமிழில் அறிவான், அல்லது கன்னடத்தில் அறிவான். பாடமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக் கழகம் 2010-இல் பொறியியற் பாடங்கள் சிலவற்றைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கியது நல்ல தொடக்கம். தங்கவயல் போன்ற ஊர்களில் இம்முயற்சி தமிழிலும் கன்னடத்திலுமாக இரு கரங்களோடு நடைபெற வேண்டும். தூசி மொழி பார்த்து நுரையீரலில் நுழைவதில்லை.

இச்செய்தி தங்கவயலுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி, பாலாற்றின் குறுக்கே அமைந்தது. அதே பாலாறு ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வட ஆர்க்காட்டுச் சமவெளியில் ஓடுகிறது. எந்த ஊர்களிலிருந்து மக்கள் தங்கவயலுக்குச் சென்றார்களோ, அந்த ஊர்களின் தோல் பதனிடும் தொழில் அந்த ஆற்று மணலையும் கிணறுகளையும் கெடுத்தது. அது குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கேடு விளைவித்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பதையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்பதையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக் கொண்டது. சட்டம் வருமுன் காக்கச் சொல்கிறது. எதனிலிருந்து, எப்படிக் காப்பது என்று சொல்லித் தர வேண்டியது கல்வி.

ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் உருக்காலையில் பணியாற்றும் அன்பர்கள் இதனைக் கேட்கக் கூடும். மும்பையில் தாராவியின் தோற்கிடங்குகளில் உழைப்போரும், மற்ற நகரங்களில் கட்டடம் எழுப்புவோரும் கேட்கக் கூடும். உங்கள் தொழிலிலும் ஒரு தூசி உண்டு, ஒரு கழிவு உண்டு, கைப்பழக்கம் அறிந்தும் காரணம் அறியாத ஓர் இடம் உண்டு. அருகிலுள்ள பல்கலைக் கழகத்தில் அதனை ஆராய்ந்தவர் ஒருவரேனும் இருப்பார். அவர் உங்களிடம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் சங்கத்தின் மூலமாகவோ, தமிழ் மன்றத்தின் மூலமாகவோ, அவரை ஒரு மாலை நேரம் வந்து பேசுமாறு அழையுங்கள். வந்தவரைப் பேச மட்டும் விடாமல், நீங்கள் வேலை செய்யும் இடத்திற்கும் அழைத்துச் சென்று காட்டுங்கள். கேட்க வந்த நீங்கள் கற்பது போலவே, கற்பிக்க வந்த அவரும் ஏதேனும் கற்றுக் கொண்டு திரும்புவார்.

தங்கவயலின் பாறைக்குள் இறங்கிய கல்வி, பொன்னை எடுக்கக் கற்றுக் கொடுத்தது. உயிரைக் காக்கவும் ஓரளவு கற்றுக் கொடுத்தது. விண்ணின் இரகசியம் ஒன்றையும் வெளிப்படுத்தியது. மண்ணை எப்படி விட்டுச் செல்வது என்பதை மட்டும் அது கற்பிக்காமல் விட்டது. எஞ்சியுள்ள அந்த ஒரு பாடத்தை, மேடுகளில் மண்வெட்டி விழுமுன் நடத்தி முடிப்பது நம் காலத்துக் கற்றோரின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் காலத்து உழைப்போரின் உரிமை.